பதினெட்டு வயதுப் பவிலியன்

இந்த ஊரில் புல்லுக்கு லீவு கொடுக்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. ஸ்டேடியத்தின் கேற்றில் ஒரு பலகை தொங்கும். 'மைதானம் மூடப்பட்டுள்ளது, புல் ஓய்வெடுக்கிறது' என்று அதில் எழுதியிருக்கும். டென்மார்க்குக்கு வந்து, டெனிஷ் மொழி வகுப்பில் சேர்ந்து மூன்றாவது மாதம் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் மனிதர் ஒரு நாள் நிம்மதியாகப் படுக்க இடமில்லாமல் ஊர் ஊராக ஓடுகிறார்கள். இங்கே புல் படுத்துக் கிடக்கிறது, அதைக் காவல் காக்கக் கொமூன, அதாவது நகரசபை, சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருக்கிறது. அன்றைக்கு வேண்டுமென்றே உள்ளே இறங்கி நடந்தேன்.

அந்த ஆள் ஓடி வந்தான். பெயர் ஹென்னிங். என் வயதுதான், நாற்பத்தாறு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். இங்கே நகரபிதாவையே நீ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையை ஆட்டிக் கத்தினான். கறுப்பனைக் கண்டதும் கத்துகிறான் என்று நினைத்து நானும் தமிழில் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்தேன். அவனோ முழங்காலில் இருந்து, நான் மிதித்த இடத்தில் ஈர மண்ணை விரலால் கிளறி, வெள்ளை நூல் மாதிரி ஒரு வேரைத் தூக்கிக் காட்டினான். அது அறுந்திருந்தது. நான் ஊரில் மேசன். காயாத சீமெந்துத் தரையில் ஆடு நடந்துபோனால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவனுக்கு இருந்தது என்று விளங்கியது. மன்னிப்புக் கேட்க என்னிடம் டெனிஷ் போதவில்லை. வந்த கால் அடையாளத்திலேயே ஒவ்வொரு காலாக வைத்துத் திரும்பி நடந்தேன். அதைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான்.

நாட்டின் மேற்கே, யூலண்ட் பக்கத்துச் சின்ன ஊர் இது. பெயரைச் சொல்லப் போவதில்லை, இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஸ்கீவ நகரில் சில குடும்பங்கள், இங்கே ஒன்பது ஆண்கள் என்று அகதிகளாக வந்த எங்களை விதைத்ததுபோலத் தூவி விட்டிருக்கிறார்கள். தலைநகர்ப் பக்கம் இஷொயிலும் ஹ்விடோவ்ரேயிலும் இருக்கிற தமிழர் ரெலிபோனில் கதைக்கும்போது, 'அங்கை என்னண்டு இருக்கிறியள்?' என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். காலையில் வகுப்பு. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஊரில். வேலை செய்து பழகிய கை சும்மா இருந்தால் தலை கெட்டுவிடும். ஸ்டேடியத்துக்குப் பின்னாலிருந்த சரளைக்கல் நிலத்தில் கரப்பந்து விளையாட ஹென்னிங் எங்களை விட்டான். வலையும் அவனே எங்கிருந்தோ கொண்டுவந்தான். அவனுடைய டெனிஷை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் அது என் காதில் விழுந்தது.

மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பவிலியன் இருந்தது. எட்டுக் கொங்கிறீட் படிகள், மேலே மரச்சட்டங்களில் கூரை, கீழே உடுப்பு மாற்றும் அறைகளும் ஹென்னிங்கின் சாமான் அறையும். பதினெட்டு வருடத்துக்கு முன் இந்த ஊர் ஆண்கள் பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் கூடிக் கட்டியது. நகரசபை சீமெந்தும் மரமும் கொடுத்தது, ஊர் உழைப்பைக் கொடுத்தது. ஹென்னிங் மண் சுமந்திருக்கிறான்.

"கூலி?" என்று கேட்டேன்.

"பியர்" என்றான்.

எங்களில் ஆக இளையவன் யோகன். இருபத்துநாலு வயது, வாய்க்காரன். "அப்ப இது சிரமதானம் அண்ணை. தேத்தண்ணிக்குப் பதிலாப் பியர். வித்தியாசம் அவ்வளவுதான்" என்றான்.

அந்தப் பவிலியனை உடைக்கப்போகிறார்கள் என்று ஹென்னிங் சொன்னபோது நான் நம்பவில்லை. சுத்தியல் பிடியால் படிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கூரைப் பீலி உடைந்து, மழைத் தண்ணீர் வருடக்கணக்காக ஒரே மூலையில் இறங்கியிருக்கிறது. அந்த மூலையில் நாலு படிகள் பொரிந்து, உள்ளே கம்பி கறள் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் கல்லுப்போலக் கிடந்தது. இரண்டு பேர், இரண்டு கிழமை. அதற்குப் பிறகு அதில் எங்கள் பேரப்பிள்ளைகளும் இருந்து மச் பார்க்கலாம். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் சாந்தகப்பை பிடித்த கை சொல்கிறது.

உடைப்பதற்குக் காரணம் வெடிப்பு இல்லை. இந்த ஊர்க் கழகம் முதலாம் பிரிவுக்கு ஏறிவிட்டது. இப்போது பந்து உதைக்கிறவர்களுக்குச் சம்பளம், கழகத்துக்கு ஒரு கொம்பனி. எண் போட்ட கதிரைகள் வேண்டும், விளம்பரம் தருகிற முதலாளிமார் குளிர் படாமல் இருந்து பார்க்கக் கண்ணாடி அறை வேண்டும் என்றார்கள். கட்டித் தராவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னார்கள். உதைக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது கொம்பனி. அவன் உதைக்கிறதை இருந்து பார்க்க இடம் கட்டிக் கொடுக்கிறது ஊர். வருகிற லாபம் யாருக்கு என்று கேட்டால் அது வேறு கதை என்பார்கள். அதே நகரசபை அதே மாதம் முதியோர் இல்லத்தில் உதவி செய்கிற பெண்களின் வேலை நேரத்தைக் குறைத்தது. காசில்லையாம்.

காசில்லாததற்குக் காரணம் யார் என்று எனக்குப் பாண் கடையில்தான் தெரியவந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரியிடம் சொன்னார்: "எல்லாக் காசும் இந்த ஆக்களுக்குப் போகுது. பிறகு கிழவியளுக்கு எங்காலை குடுக்கிறது?" அகராதி இல்லாமல் நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் டெனிஷ் வசனம் அது. பாணை வாங்காமல் வந்துவிட்டேன். அவருக்கு நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன், அவர் வாசிக்கப் போவதில்லை. ஒன்பது பேரின் சோற்றுக்குப் போகிற காசு அந்தக் கண்ணாடி அறையின் ஒரு சுவருக்குக் காணாது ஐயா.

எங்கள் ஊரில் இது வேறு மாதிரி நடந்தது. தேர்தலுக்கு முன் ஒரு எம்.பி. வந்து, விளையாட்டு மைதானத்தில் பவிலியனுக்கு அடிக்கல் நட்டார். மேளம், மாலை, சோடா எல்லாம் கழகத்தின் செலவு. தேர்தல் முடிந்தது. கல் மட்டும் ஏழு வருடம் நின்றது. ஆடு முதுகு உரஞ்ச நல்ல கல். கடைசியில் கழகக்காரர் வீட்டுக்கு வீடு போய் ஒரு பை சீமெந்து, அரைப் பை சீமெந்து என்று கேட்டுவாங்க, நான் கூலி இல்லாமல் கட்டினேன். ஐந்து படி. கூரை தகரம். அதில் நாலு வருடம் சனம் இருந்து பார்த்தது. பிறகு பக்கத்திலிருந்த ஆமி முகாம் மைதானம் வரைக்கும் பெருத்தது. கடைசியாக நான் அதைப் பார்த்தபோது படிகளில் மணல் மூட்டையும் அதன் மேல் துவக்கும் இருந்தன. அரசாங்கம் தராததைச் சனம் கட்டியது, சனம் கட்டியதை அரசாங்கம் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, ஒருவரும் சுடாமல், ஒருவரும் துரத்தாமல், கூட்டம் வைத்துக் கை தூக்கி ஒரு நல்ல பவிலியனை உடைப்பார்கள் என்றால் எப்படி இருக்கும்?

"ஊரிலை காசு தரேல்லையெண்டு நாங்கள் கட்டினம். இஞ்சை காசு கூடிப்போச்செண்டு உடைக்கிறாங்கள்" என்றான் யோகன். "எங்களுக்கு வாய்க்கிற அரசாங்கங்களைப் பாருங்கோ அண்ணை."

சபையில் வாக்கெடுப்பு அடுத்த மாதம். திருத்தினால் போதும் என்று சொல்கிற உறுப்பினர் சிலரும் இருந்தார்கள். ஒரு நாள் ஹென்னிங் பெருமூச்சோடு சொன்னான்: "ஆராவது உந்த மூலையைத் திருத்திப் பெயின்ற் அடிச்சால், கை தூக்க முதல் சனம் ஒருக்கா வந்து பாக்கும்." இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் அது பெருமூச்சு மட்டும்தான். எங்கள் நாட்டில் அப்படிச் சொன்னால் நாளைக்கு மண்வெட்டியோடு வா என்று அர்த்தம். நான் கேட்டேன்: "சனிக்கிழமை கேற் திறப்பியோ?" அவன் இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஓம் என்றான்.

இரண்டு சனிக்கிழமை. ஒன்பது பேரும் போனோம். சீமெந்து எங்கள் கையால் வாங்கியது. பெயின்ற் ஹென்னிங்கின் சாமான் அறையில் கிடந்த நகரசபைப் பெயின்ற். பொரிந்ததைக் கொத்தி, கறளைச் சுரண்டி, நாலு படியையும் புதிதாகப் பூசினேன். மற்றவர்கள் கழுவி வெள்ளையும் சிவப்பும் அடித்தார்கள். அது இந்த நாட்டுக் கொடியின் நிறம், கழகத்தின் நிறமும் அதுவே. முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஹென்னிங் பிறகு தூரிகையை எடுத்தான். மத்தியானம் பாணும் பருப்பும் சம்பலும். சம்பலில் அவனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. "சுகமில்லையோ?" என்று யோகன் கேட்க, "இல்லை, இன்னும் கொஞ்சம் போடு" என்றான். நாட்டை விட்டு வந்தபின் நான் நன்றாக நித்திரை கொண்டது அந்த இரண்டு சனிக்கிழமையும்தான்.

திங்கட்கிழமை பென்ட் வந்தார். பெயின்ற் அடிக்கிறவர்களின் தொழிற்சங்கப் பிரதிநிதி. கோபத்தில் எனக்கு மரியாதை கூடிவிடும், அதனால் இவரை அவர் என்கிறேன். படிகளைச் சுற்றிப் பார்த்தார். வேலை நல்லது என்றார். பிறகு கேட்டார்:

"ஆர் சம்பளம் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. ஊருக்குச் செய்தது" என்றேன் பெருமையாக.

"இந்த ஊரிலை மூண்டு பெயின்ற்றர்மார் வேலையில்லாமல் வீட்டிலை இருக்கினம். நீ சும்மா அடிச்சால் நாளைக்கு அவங்களுக்கு ஆர் காசு குடுப்பான்?"

"ஹென்னிங் ஆக்கள் கட்டேக்கையும் சும்மாதானே கட்டினவை?"

"அப்ப எல்லாருக்கும் வேலை இருந்தது" என்றார்.

நகரசபையின் உதவிப் பணத்தில் இருக்கிறவன் கூலியில்லாமல் அப்படி வேலை செய்யக்கூடாது என்பது இங்கே சட்டம். அது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. உழைக்காமல் சாப்பிடுகிறார்கள் என்று பாண் கடையில் ஒருவர் பேச, உழைத்ததற்காகப் பென்ட் முறைப்பாடு எழுதினார். ஒரு கிழமையில் கடிதங்கள் வந்தன. எங்களுக்கு விளக்கம் கேட்டு. ஹென்னிங்குக்கு வேறு மாதிரி: அனுமதி இல்லாமல் வெளியாட்களை உள்ளே விட்டது, நகரசபைப் பொருளைக் கொடுத்தது. அவனுடைய வேலையே போகலாம் என்று வகுப்பு ரீச்சர் வாசித்துச் சொன்னா. இருபது வருட வேலை. இந்த ஊரில் பிறந்தவன், வேறு தொழில் தெரியாதவன். எங்கள் பெருமைக்கு அவன் தலையைக் கொடுக்கப் போகிறான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் கோப்பியும் பிஸ்கற்றும் இருந்தன. விசாரணைக்குக் கோப்பி ஊற்றித் தருகிற நாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த மரியாதை எனக்கு இன்னும் பயத்தைத்தான் தந்தது. ஹென்னிங் சுவரோரமாக இருந்தான். அலுவலர் ஒரு பெண், கண்ணாடி போட்டவர். என்ன நடந்தது என்று கேட்டார். இரவு முழுக்கப் பாடமாக்கிய டெனிஷில் சொன்னேன்:

"நாங்கள் கேற்றாலை ஏறிக் குதிச்சனாங்கள். ஹென்னிங்குக்கு ஒண்டும் தெரியாது. பெயின்ற் நாங்கள் களவாய் எடுத்தது."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். "களவெண்டால் பொலிசுக்கு அறிவிக்க வேணும்" என்றார்.

"இல்லை" என்றான் ஹென்னிங். "திறப்பு என்ரை. திறந்தது நான். பெயின்ற் குடுத்ததும் நான். ஒரு பக்கம் முழுக்க அடிச்சதும் நான்."

வெளியே வந்ததும் சிவந்துபோன முகத்தோடு என்னைப் பிடித்துக்கொண்டான். "உன்னை ஆர் பொய் சொல்லச் சொன்னது? இருபது வரியம் இவங்களோடை வேலை செய்யிறன். ஒரு பொய் சொன்னதில்லை. நீ என்னைப் பொய்க்காரன் ஆக்கப் பாத்தாய்."

எங்கள் வாசலில் ஆமி வந்து நின்றபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழும்பில் என்று கண்ணை வெட்டாமல் சொன்னவன் நான். அந்தப் பொடியன் என் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் இருந்தான். அந்தப் பொய்க்காக அவன் தாய் என் கையைப் பிடித்து அழுதாள். அரசாங்கம் கேட்டால் பொய் சொல்லி ஆளைக் காப்பாற்றுவதுதான் நான் கற்ற நேர்மை. இவனோ அரசாங்கத்திடம் உண்மை சொல்லுவதைத் தன் மானம் என்று வைத்திருக்கிறான். இந்த இரண்டையும் ஒரு மனிதனுக்கு விளங்கப்படுத்த என்னிடம் இருந்த டெனிஷ் சொற்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுதான் அகப்பட்டது. "நண்பன்" என்றேன். அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

வேலை போகவில்லை. உண்மை சொன்னதால் போகவில்லை என்று வகுப்பு ரீச்சர் சொன்னா. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்டேடியத்தை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, நீச்சல் தடாகத்தில் கொதிகலன் பார்க்க அனுப்பினார்கள். எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். வாக்கெடுப்பில் சபை உடைக்கவே பெரும்பான்மையாகக் கை தூக்கியது. பவிலியனைப் பார்க்கச் சனம் வந்ததுதான். வந்து, வடிவாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

பிறகு ஒரு மத்தியானம் பென்ட் என் கதவைத் தட்டினார். உடைக்கிற கொம்பனிக்கு ஆள் தேவை, கொங்கிறீட் தெரிந்தவன் வேண்டும், சங்கச் சம்பளம், அங்கத்தவர் அட்டை எடுத்துத் தருகிறேன் என்றார். அவர் மனதில் இது உதவி. உண்மையான உதவிதான், இந்த ஊரில் எங்களுக்கு முதல் வேலை தேடித் தந்த மனிதன் அவர். நான் தமிழில் கெட்ட வார்த்தையால் ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். திருத்தினால் குற்றம், உடைத்தால் சம்பளம். இதை வாசிக்கிற ஊர்ச்சனம் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கக்கூடும்.

நீச்சல் தடாகத்துக்குப் போய் ஹென்னிங்கிடம் கேட்டேன். மூன்று கிழமையாக நாங்கள் கதைக்கவில்லை. அவன் குழாயைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எடு" என்றான்.

"உனக்குக் கோவமில்லையோ?"

"கோவம்தான். ஆனால் உன்ரை பிள்ளையளைக் கூப்பிட உனக்கு வேலை வேணும். எடு."

யோகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணை, கட்டினவனே உடைக்கிறதோ?" என்றான். "நீ வந்து உடை, நான் வீட்டிலை இருக்கிறன்" என்றேன். "எனக்கு முதுகு நோ" என்றான் உடனே.

புதிய பவிலியன் எத்தனை வருடம் நிற்கும் என்று கொம்பனியின் எஞ்சினியரைக் கேட்டேன். இருபது, இருபத்தைந்து என்றார். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு தேவை மாறிவிடும் என்றார். நகரசபை எடுத்த கடன் அதற்கு முன் தீருமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இதை எழுதுகிற இன்றைக்குக் கண்ணாடி அறை கட்டி முடியவில்லை, கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. சம்பளக்காரர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். முதியோர் இல்லத்துப் பெண்களுக்கு மணித்தியாலம் திரும்பக் கிடைக்கவில்லை. நான் பந்து விளையாட்டுக்கு எதிரி இல்லை. சனம் கூடி இருந்து கத்த ஓர் இடம் வேண்டும், அது ஊர்க் காசில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஊர்க் காசில் கட்டியதை ஊர் கிழவனாகும்வரை வைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது என்பது சாகிற வயதா?

உடைக்கிற வேலை இலையுதிர் காலத்தில் தொடங்கியது. சுற்றிவரக் கம்பி வலை அடித்தார்கள். கூரையை இறக்கினோம். பெரிய இயந்திரம் ஒரு பக்கத்தால் படிகளைக் கடித்துக்கொண்டு வந்தது. நான் பூசிய மூலை மட்டும் உடுப்பு அறைச் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் கையால் உடைக்க வேண்டும் என்றார்கள். என்னைத்தான் அனுப்பினார்கள். தலைக்கவசம், கையுறை, அதிர்கிற உளி. என் பூச்சு விடவில்லை. இரண்டு மாதச் சாந்து, அதன் இளமையில் நன்றாகப் பிடித்திருந்தது. நான் மெதுவாக, ஓரத்தைத் தடவுவதுபோல உளியை வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தடவிக்கொண்டு நிக்கிறாய்?" என்று பின்னால் குரல் கேட்டது. வலைக்கு வெளியே ஹென்னிங். மத்தியான இடைவேளைக்குச் சைக்கிளில் வந்திருக்கிறான். குளோரின் மணத்தது. "ஒழுங்கா அடி. தமிழருக்கு வேலை தெரியாதெண்டு பென்ட் சொல்லப்போறான்."

"விடுகுதில்லை" என்றேன்.

"நல்லாப் பூசியிருக்கிறாய்" என்றான். வலைக் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றான். கீழே கிடந்த ஒரு துண்டைக் காட்டினான். ஒரு பக்கம் சிவப்புப் பெயின்ற், மறுபக்கம் அவர்கள் காலத்துக் கூழாங்கல். "அந்தக் கல் கடற்கரையாலை நாங்கள் ட்ராக்டரிலை ஏத்தி வந்தது. ஈரக்கல். என்ரை முதுகு அண்டைக்குப் போனதுதான்." எங்களுக்கு நடுவில் கம்பி மட்டும்.

கொம்பனியின் மேற்பார்வையாளர் இயந்திரத்துப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். வேறு ஊர்க்காரர், ஹென்னிங்கைத் தெரியாது. "வெளியாக்கள் வலைக்குக் கிட்ட நிக்கக்கூடாது. அந்த ஆளைத் தள்ளிப்போகச் சொல்லு."

அப்போது இந்த ஊருக்கு நான் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் இங்கே பிறந்தவன். அந்தக் கல்லைச் சுமந்தவன். திரும்பி அவனைப் பார்த்தேன். அவனுக்கும் கேட்டிருந்தது. ஆனால் நான் சொல்லும்வரை காத்து நின்றான்.

"ஹென்னிங், கொஞ்சம் பின்னுக்குப் போ" என்றேன்.

விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்தான். சைக்கிளைப் பிடித்தபடி இரண்டு அடி பின்னால் வைத்தான். "இன்னும் போகவேணுமோ?" என்று கேட்டான், சட்டத்தை மதிக்கிற அவனுடைய அதே குரலில்.

"போதும்" என்றேன். "அதிலேயே நில்."

உளியை எடுத்து, என் பூச்சுக்கும் அவன் கல்லுக்கும் நடுவில் வைத்து, முழுப் பலத்தோடும் அழுத்தினேன்.